ஓநாய்க்குப் பந்தி

அந்த மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்தில் கிறிஸ்துமஸ் இரண்டு தடவை வரும். டிசம்பரில் தோட்ட மானேஜர் பெரியதுரை வீட்டில் வான்கோழி வெட்டி, ரெக்கார்டு போட்டு, குடித்துக் கவிழ்ந்து ஒன்றை முடிப்பார்கள். அதெல்லாம் அடங்கி, லயத்து ஆட்கள் பொங்கலுக்குப் பச்சரிசி கிடைக்குமா என்று கவலைப்படத் தொடங்கும் நேரத்தில், சின்னதுரையின் மனைவி ஒக்சானா தன் ஊர்க் கணக்குப்படி இன்னொன்றைத் தொடங்குவாள். வெள்ளைக்காரி என்றுதான் பேர், இங்கிலீஷ்காரி இல்லை. உக்ரைன் என்று ஒரு கோதுமைச் சீமை, அங்கே பிறந்தவள். சண்டையில் ஊர் போய் ஜெர்மனியில் அகதி முகாமில் கிடந்தவளை, பட்டாளத்தில் இருந்த சின்னதுரை பார்த்துக் கட்டிக்கொண்டார். மற்றத் துரைசானிகள் அவளைத் தங்கள் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. அதனால் பாதிப் பொழுது குசினியில் சமையல்காரி பஞ்சாலையோடுதான் இருப்பாள்.

அந்தப் பண்டிகைக்கு முக்கியமான பண்டம் ஒன்று உண்டு. முழுக் கோதுமை, கசகசா, தேன் மூன்றும் சேர்ந்த இனிப்பு. அதன் பேர் குத்யா. முதல் தடவை அந்தப் பேரைக் கேட்டபோது பஞ்சாலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நல்ல நாளும் அதுவுமாக நடுவீட்டில் யாராவது கூத்தியா பேரைச் சொல்வார்களா? ஒக்சானாவிடம் அதை விளக்கப் பஞ்சாலையால் முடியவில்லை. விளக்காமல் இருப்பதே மரியாதை என்று விட்டுவிட்டாள்.

ஆனால் அந்த வருஷம் பஞ்சாலைக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வேறு ஒரு வேலை இருந்தது. லயத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் இராஜமாணிக்கத்தை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டும். அதுவும் வாய்க்குப் போகிற சாப்பாட்டை வைத்தே அனுப்ப வேண்டும். ஏனென்றால் அவள் புருஷன் மாயாண்டி போனது அப்படித்தான்.

அது எமர்ஜென்சிக் காலம். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போட்டு வெளியே இழுப்பது என்று சர்க்கார் முடிவு செய்திருந்தது. லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி. ஒரே ஒரு கேட்டு. ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகிறவன் ஒரு கவளம் சோறு கொண்டுபோகக் கூடாது, தேத்தண்ணியில் சீனிகூட இருக்கக் கூடாது. விடியற்காலையில் எல்லாரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். மாயாண்டிக்கு வயிற்றுப்புண். வெறும் வயிற்றோடு மத்தியானம் வரை மலையேறி மரம் வெட்டினால் சுருண்டு விழுந்துவிடுவான். அவன் நிலைமையைப் பார்த்த மண்டோர், பாட்டிலில் கொஞ்சம் கஞ்சித்தண்ணி ஊற்றிக்கொள், கேட்டில் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றான். மாயாண்டியும் நம்பினான்.

அன்றைக்குப் பார்த்து சிரம்பான் டவுனிலிருந்து பெரிய போலீஸ் அதிகாரி வந்து நின்றான். பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தான். மாயாண்டி பக்கத்தில் நின்ற மண்டோரைக் கை காட்டி, அவரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும் என்றான். மண்டோர் இராஜமாணிக்கம் அதிகாரியின் துப்பாக்கியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது, துரை."

அவ்வளவுதான். கஞ்சித்தண்ணி காட்டுக்காரனுக்குப் போகிற அரிசியாகிவிட்டது. மாயாண்டி சிறைக்குள் ரத்தம் ரத்தமாக வாந்தியெடுத்துச் செத்தான் என்று ஒரு மழைநாளில் சேதி வந்தது. உடம்பு வரவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் பஞ்சாலை கேட்டதற்கு, மண்டோர் விதி என்றான். தான் செய்வதைச் செய்துவிட்டுப் பழியை விதியின் தலையில் போடுகிறவனுக்கு நம் ஊரில் என்றைக்குமே பஞ்சமில்லை.

அதிலிருந்து அவள் நெஞ்சில் ஒரு கொள்ளி எரிந்துகொண்டே இருந்தது. சின்னதுரை பங்களாவில் சமைத்தாள், துவைத்தாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். கேட்டில் மண்டோரை மட்டும் யாரும் தொட்டுச் சோதிப்பதில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் மகளைப் பக்கத்து ஊரான மந்தினில் கட்டிக்கொடுத்திருந்தான். விடுமுறை தவறாமல் சைக்கிளில் பை நிறையச் சாமான் கட்டிக்கொண்டு போவான். காவல்காரர்கள் சலாம் வைத்துக் கேட்டைத் திறந்துவிடுவார்கள்.

பண்டிகைக்கு ஓரிரு நாள் முன்பு சாப்பாட்டு மேசையில் ஒரு பேச்சு நடந்தது. பரிமாறுகிறவளுக்குக் காது இல்லை என்பது துரைமார்களின் நம்பிக்கை. பஞ்சாலைக்குக் குசினி இங்கிலீஷ் நன்றாகவே வரும். பண்டிகைக்கு மறுநாள் காலையிலிருந்து மண்டோர், கணக்கெழுதும் கிராணி என்று பாராமல் எல்லாரையும் சோதிக்கப் போகிறார்கள், யாருக்கும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்று சின்னதுரை மனைவியிடம் சொன்னார். பஞ்சாலை உருளைக்கிழங்குத் தட்டை அவர் முன்னால் வைத்தாள். குசினிக்குள் வந்த பிறகுதான் நாளை விரல் விட்டு எண்ணினாள். பண்டிகைக்கு மறுநாள் விடுமுறை. மண்டோர் மந்தினுக்குப் போகிற நாள்.

மறுநாள் காலையில் கோதுமையை ஊறப்போட்டார்கள். ஊறியதை உரலில் போட்டு, உடையாமல், மேல்தோல் மட்டும் கழன்று வரும்படி மெல்லக் குத்த வேண்டும். ஒக்சானாவுக்கு உலக்கை பிடிக்கத் தெரியும். அவள் ஊரிலும் அப்படித்தானாம். குத்திப் புடைத்து, மண்சட்டியில் ஏற்றி, ஒவ்வொரு மணியும் வாய் பிளக்கும் வரை சிறு தீயில் வேகவைத்தார்கள். கசகசாவைச் சுடுதண்ணியில் ஊறவைத்து, அம்மியில் வெள்ளையாகப் பால் வரும் வரை அரைப்பது பஞ்சாலை வேலை. எங்கள் ஊர்க் கசகசா மை மாதிரிக் கறுப்பாக இருக்கும், இது என்ன வெளுத்துப்போய்க் கிடக்கிறது என்று ஒக்சானா ஒவ்வொரு வருஷமும் குறைப்படுவாள். வாதுமை மாதிரி ஏதோ கொட்டை போட வேண்டுமாம். அதற்குப் பதில் முந்திரி. தேன் மட்டும் அசல் மலைத்தேன், கம்பம் என்கிற பக்கத்து மலாய்க் கிராமத்தில் ஒருத்தியிடம் வாங்கியது.

அரைத்துக்கொண்டிருக்கும்போது ஒக்சானா, பாதி மலாயும் பாதித் தமிழுமாகத் தன் கதையைச் சொன்னாள். அவள் சிறுமியாக இருந்தபோது அவள் ஊரிலும் சர்க்காரே பட்டினி போட்டதாம். ஆட்கள் இரும்புக் கம்பியோடு வந்து தரையைக் குத்திக் குத்தி, ஒளித்து வைத்த தானியத்தைத் தோண்டி எடுத்துப் போனார்களாம். அவள் அம்மா அடுப்புக்குப் பின்னால் சுவரில் பூசி மறைத்திருந்த கோதுமையைக் காட்டிக்கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரன். குளிர் முடிவதற்குள் அம்மாவும் தம்பிகளும் போய்விட்டார்கள்.

பஞ்சாலை குழவியை நிறுத்திவிட்டு, அவனை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். ஒக்சானா ஒன்றும் செய்யவில்லை என்றாள். அடுத்த பண்டிகைக்கு, மிச்சமிருந்த சித்தி வாசலில் நின்று அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாளாம். அவர்கள் வழக்கம் அது. பந்தியில் உட்காரும் முன் வீட்டுக்காரி வாசலில் நின்று, வீட்டுக்குக் கெடுதல் செய்யக்கூடியதைக் கூப்பிட வேண்டும். பனியே வா, ஓநாயே வா, வந்து எங்களோடு குத்யா சாப்பிடு. கூப்பிட்டும் வராவிட்டால் வருஷம் முழுக்க நம் பக்கம் தலைகாட்டக் கூடாது. வந்து சாப்பிட்டால் பகை அத்தோடு சரி. பிறகு அதன் மேல் கைவைக்கக் கூடாது.

"இந்த ஊர்ல பனி இல்ல, ஓநாய் இல்ல," என்றாள் ஒக்சானா. "உனக்கு யார் ஓநாய், பஞ்சா?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பஞ்சாலை மண்டோர் பேரைச் சொன்னாள். என்ன காரணம் என்று ஒக்சானா கேட்கவில்லை. கூப்பிடுவோம், ஆனால் அவன் வந்து சாப்பிட்டுவிட்டால் நீ அவனை விட்டுவிட வேண்டும், சத்தியமா என்று கேட்டாள். பஞ்சாலை தலையை ஆட்டினாள். ஆட்டிய தலைக்கு நெஞ்சோடு அன்றைக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

ஆனாலும் உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. விருந்துக்குக் கூப்பிட்டவனுக்குக் குழி பறிப்பது எந்த ஊரிலும் பாவம்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள். உப்புப் போட்டவளுக்கும் அந்தக் கட்டு உண்டுதானே? எந்த இனிப்பைக் கிண்டினாலும் ஒரு கல் உப்புப் போடாமல் இறக்கமாட்டாள் பஞ்சாலை. அவள் அம்மா பழக்கிவிட்ட கை அது. போன வருஷம்கூட ஒக்சானாவுக்குத் தெரியாமல் போட்டிருந்தாள். அன்றைக்கு உப்புச் சாடிக்குள் போன விரல்களை வெறுமையாக வெளியே எடுத்தாள். உப்பில்லாத பண்டத்தில் உறவுமில்லை, துரோகமுமில்லை என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். வஞ்சம் வைத்தவளுக்கு வக்கீல் எதற்கு?

துரைசானி வீட்டுப் பந்திக்கு அழைப்பு என்றதும் இராஜமாணிக்கம் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தான். தலையில் எண்ணெய் வழிந்தது. வெளிச்சம் மங்கி முதல் நட்சத்திரம் தெரிந்ததும் ஒக்சானா பின்வாசலில் நின்று அவள் பாஷையில் ஓநாயைக் கூப்பிட்டாள். ஓநாய் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. மேசை விரிப்புக்கு அடியில், அவள் ஊரில் பரப்பும் வைக்கோலுக்குப் பதில், தோட்டத்தில் மண்டும் லாலாங் புல்லைப் பரப்பியிருந்தார்கள். ஆள் இல்லாத இடங்களிலும் தட்டுகள் இருந்தன. அது யாருக்கு என்று மண்டோர் கேட்டான்.

"ஓராங் மாத்தி," என்றாள் ஒக்சானா. செத்தவர்களுக்கு. தன் அம்மாவுக்கு, தம்பிகளுக்கு என்று ஒவ்வொரு தட்டாகத் தொட்டுச் சொல்லிவிட்டு, கடைசித் தட்டைப் பஞ்சாலைக்கு விட்டாள். உன் ஆட்கள் யாராவது இருந்தால் சொல் என்றாள்.

"மாயாண்டி," என்றாள் பஞ்சாலை. மண்டோரின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

அவன் கரண்டி நின்றுவிட்டது. சின்னதுரை எதையும் கவனிக்காமல் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பஞ்சாலை மண்டோர் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி குத்யாவைப் போட்டாள். சாப்பிடுங்க மண்டோர், நல்ல நாள் என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு தட்டைக் காலி செய்தான். ஒவ்வொரு வாய்க்கும் அவன் தொண்டை ஏறி இறங்குவதை அவள் ஆசை தீரப் பார்த்தாள். அவளுக்கு அது போதவில்லை.

கிளம்பும்போது பின்வாசலில் தூக்குச்சட்டியை நீட்டினாள். நாளைக்கு மந்தினுக்குப் போகிறீர்களே, தொரசானி வீட்டுப் பலகாரம், உங்கள் மகளுக்குக் கொடுங்கள் என்றாள். அவன் சட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சட்டியை வாங்கிக்கொண்டு, லயம் அடங்கும் சங்கு ஊதுவதற்குள் இறங்கிப் போனான்.

பஞ்சாலை காலையில் எழுந்து குளித்தாள். தலையை வாரி இறுக்கிக் கொண்டை போட்டாள். அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்திருந்தது. கேட்டில் சட்டியைத் திறப்பார்கள். வேகவைத்த கோதுமை, தேன், முந்திரி. காட்டுக்குள் இருக்கிறவனுக்கு இதைவிட நல்ல சாப்பாடு உண்டா? மண்டோர் பதறிப்போய், பஞ்சாலை கொடுத்தாள், அவளைக் கேளுங்கள், அவளுக்குத் தெரியும் என்பான். ஜீப் வரும். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, மண்டோர் அன்றைக்குச் சொன்ன அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வாள். அதை அவள் பாத்திரம் தேய்க்கும்போதும் முருங்கைக்கீரை ஆயும்போதும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

கேட்டுப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. கூச்சல் கேட்டது. மண்டோரைப் பிடித்துவிட்டார்கள் என்று தோட்டக்காரன் ஓடிவந்து சொன்னான். பஞ்சாலை வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்தாள். உரித்து முடித்து, வேண்டாத வெங்காயத்தையும் உரித்தாள். ஜீப் வரவில்லை.

வந்தது மண்டோர் மனைவி செல்லம். முடி அவிழ்ந்து கிடக்கப் பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். மத்தியானம் லாரியில் ஏற்றிச் சிரம்பானுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள், தொரசானியிடம் ஒரு வார்த்தை சொல் என்று அழுதாள். என் பேரைச் சொன்னாரா என்று பஞ்சாலை கேட்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

செல்லம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இல்லை என்றாள். யார் கொடுத்தது என்று அடித்துக் கேட்டார்களாம். நானே ஆக்கினேன், நானே எடுத்து வந்தேன் என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டானாம்.

"இன்னிக்கி எல்லாரயும் சோதிப்பாங்கன்னு கிராணி நேத்தே வந்து சொல்லிட்டாருடி," என்றாள் செல்லம். "சட்டிய வெச்சிட்டுப் போங்கன்னு கால்ல விழாத கொறையா சொன்னேன். கேக்கல. நான் இத எடுத்துட்டுத்தான் போவணும் செல்லம், இன்னிக்கித்தான் எனக்குத் தூக்கம் வரும்னாரு. மாயாண்டி போனதுலேருந்து அந்த மனுசன் ஒரு ராவு ஒழுங்காத் தூங்குனது கெடயாது. ஒனக்குத் தெரியாது."

பஞ்சாலைக்குக் காது அடைத்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். அவளுக்கு வாய் வரை வந்து, பிறத்தியான் பிடுங்கித் தின்றுவிட்டான். அவள் விரித்த வலை என்று தெரிந்தே வந்து விழுந்திருக்கிறான். அவள் கொடுத்த தண்டனையைத் தன் பரிகாரமாக்கிக்கொண்டான். இனி ஜெயிலில் சிமிட்டித் தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுப்பான், தீர்ந்தது என்று கண்ணை மூடுவான். மாயாண்டி ரத்தம் கக்கிய மாதிரி ஒரு இடத்தில் இவன் நிம்மதியாகக் குறட்டை விடுவான். அதற்கா அவள் கோதுமை குத்தினாள்? அதற்கா கை கடுக்கக் கசகசா அரைத்தாள்?

செல்லத்தைப் படியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஒக்சானாவிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. மாயாண்டி கதையைச் சொன்னாள், தூக்குச்சட்டி கதையையும் சொன்னாள். சொல்லிவிட்டு, அதை நீங்கள் கொடுத்ததாகத் துரையிடம் சொல்லுங்கள், அவனை வெளியே கொண்டுவர வேண்டும் என்றாள். ஒக்சானாவின் முகம் முதலில் வெளுத்தது. சத்தியம் பண்ணிவிட்டு இப்படிச் செய்தாயே என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பஞ்சாலையைக் கட்டிக்கொண்டு தோளில் அழுதாள். நீ ஓநாயை மன்னித்துவிட்டாய், என் சித்தியை விடப் பெரிய மனசு உனக்கு என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பஞ்சாலை அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். நல்ல மனுஷி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று திருத்தவில்லை.

வெள்ளைத் தோலின் வார்த்தைக்கு இருந்த மதிப்பு மாயாண்டியின் வார்த்தைக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எங்கள் ஊர் வழக்கம், நான்தான் கொடுத்தேன், ஆள் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறான் என்று ஒக்சானா கேட்டில் நின்று சொன்னாள். சின்னதுரை முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். போலீஸ் அதிகாரி தொப்பியைத் தொட்டு, இனிமேல் கவனமாக இருக்கச் சொன்னான். லாரி வெறும் லாரியாகச் சிரம்பானுக்குப் போனது.

சாயங்காலத்துக்கு முன்பே இராஜமாணிக்கம் பங்களாப் பின்வாசலுக்கு வந்தான். கன்னம் வீங்கியிருந்தது. கோட்டு இல்லை. ஒரே பகலில் ஆள் ஒடுங்கிப் போயிருந்தான். செல்லம் பின்னால் நின்று பஞ்சாலையைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் கும்பிடவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டிருந்தது.

"என்னய போவ விட்டிருக்கலாம்ல, பஞ்சாலை," என்றான். குரல் உடைந்திருந்தது. "நான் கேட்டனா, வெளிய எடுன்னு? அனுபவிச்சித் தீத்துருப்பேன். தீந்துருக்கும்."

பஞ்சாலை அடுப்பைக் கூட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து அவனை நன்றாகப் பார்த்தாள். மாயாண்டி செத்த சேதி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவள் நெஞ்சு குளிர்ந்தது.

"அதுக்குத்தான் வெளிய எடுத்தேன், மண்டோர்," என்றாள். "அக்கா, இவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. விடிஞ்சா பெரட்டு இருக்கு."